கல்லூரியா, லாரியா? ஓசூர் நெடுஞ்சாலையில் நிற்கும் நம் பிள்ளைகள்

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் ஒரு நாள் இரவு சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகப் பேச்சைத் தொடங்குகிறான். “அத்தா, படிச்சு முடிச்சாலும் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலைதான் கிடைக்கும். மாமா வண்டியில ஏறிடறேன். ரெண்டு வருஷத்துல டிரைவர் ஆயிடுவேன்.” அம்மா அழுகிறார். அத்தா உடனே பதில் சொல்வதில்லை. கடன் இருக்கிறது, அடுத்து மகளின் திருமணம் இருக்கிறது. மகன் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டை என்று இந்த எல்லைப் பகுதியில் நம் சமுதாயத்தின் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. தமிழ் பேசும் வீடானாலும் உருது பேசும் வீடானாலும் கேள்வி ஒன்றுதான். படிப்பை முடிப்பதா, ஸ்டியரிங்கைப் பிடிப்பதா?

இதை வெறும் உணர்ச்சியோடு அணுகினால் இரண்டு பக்கமும் தவறு நேரும். “டிரைவர் வேலையா, கேவலம்” என்று பேசுவது ஹலாலான உழைப்பை இழிவுபடுத்துவது. “இந்தக் காலத்தில் டிகிரியால் என்ன பயன்” என்று பேசுவது ஒரு தலைமுறையின் வாசலை நாமே அடைப்பது. சட்டம், தொழிலின் நிலை, படிப்பின் உண்மையான மதிப்பு ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது என்பது விளங்கும்.

ஏன் இப்போது இந்த ஆசை?

இந்தப் பகுதியில் பிறந்த பிள்ளைக்கு லாரி கண்ணில் படாத நாளே கிடையாது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறது. டெல்லியிலிருந்து பெங்களூரு வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலை 48 கிருஷ்ணகிரியில் பிரிந்து வாணியம்பாடி பக்கம் திரும்புகிறது. திருவண்ணாமலை, புதுச்சேரி சாலையும் கிருஷ்ணகிரியிலிருந்தே தொடங்குகிறது.

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரின் முகமே மாறியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவை இங்கே வேரூன்றின. கடந்த சில ஆண்டுகளில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஆலை, போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஆலை, டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை என்று வரிசை நீண்டது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆலைச் சரக்குடன் கிருஷ்ணகிரியின் மாங்கூழ், கிரானைட் கற்கள், ஓசூரின் ரோஜாவும் காய்கறியும் சேர்ந்து இரவு பகலாகச் சாலையில் ஓடுகின்றன.

ஓட்ட ஆள் கிடைப்பதுதான் சிரமமாக இருக்கிறது. நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்களுக்குப் பற்றாக்குறை இருப்பதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2025-ல் சொன்னார். செட்டில் வண்டி நிற்கிறது, டிரைவர் இல்லை என்பது இன்று லாரி உரிமையாளர்களின் அன்றாடப் புலம்பல். ஆகவே “இந்தத் தொழிலில் வேலை கிடைக்கும்” என்று மகன் சொன்னால் அது பொய்யில்லை.

ஆனால் ஒரு கேள்வியை அவன் கேட்டுக்கொள்ளவில்லை. இவ்வளவு வேலை இருந்தும் ஆட்கள் ஏன் வரவில்லை? சேவ் லைஃப் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு பத்து நகரங்களில் லாரி ஓட்டுநர்களைச் சந்தித்து 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் 84 சதவீத ஓட்டுநர்கள், தம் குடும்பத்தாருக்கோ உறவினருக்கோ இந்தத் தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள். சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரம் ஓட்டுவதாகவும், ஏறத்தாழப் பாதிப் பேர் களைப்போடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுவதாகவும் அந்த ஆய்வு சொன்னது. தொழிலை உள்ளிருந்து பார்த்தவர்களின் சாட்சி இது. வண்டியில் ஏற நினைக்கும் பிள்ளை முதலில் இவர்களிடம் பேச வேண்டும்.

சட்டம் சொல்லும் வயதுக் கணக்கு

பல வீடுகளில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 18 வயது ஆனதும் லாரி ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 4-வது பிரிவுப்படி பைக், கார் ஓட்ட 18 வயது போதும். வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் போக்குவரத்து வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் 7-வது பிரிவு இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது. இலகு ரக வாகன உரிமத்தை, அதாவது கார் லைசென்ஸை, குறைந்தது ஓராண்டு வைத்திருந்தவருக்கே போக்குவரத்து வாகனத்துக்கான எல்.எல்.ஆர். கிடைக்கும். அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ், மருத்துவச் சான்று, தேர்வு என்று படிகள் உள்ளன.

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புத் தந்தது. இலகு ரக உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்றது. சின்ன யானை, தோஸ்த் போன்ற சிறு சரக்கு வண்டிகளுக்கு இது நிம்மதி. ஆனால் டாரஸ், டிரெய்லர், கன்டெய்னர் வண்டிகளுக்கு இது வழி அல்ல. அவற்றுக்கு ஹெவி லைசென்ஸ்தான் வேண்டும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது பிள்ளைக்கு 17 அல்லது 18 வயது. மூன்று ஆண்டு டிகிரி முடியும்போது 20 அல்லது 21. ஹெவி லைசென்ஸ் எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் வயதும் 20. இரண்டு வாசலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் திறக்கின்றன!

அப்படியானால் முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ கல்லூரியை விடும் பிள்ளை டிரைவர் ஆவதில்லை. கிளீனர் ஆகிறான். தார்ப்பாய் கட்டுவான், கயிறு இழுப்பான், டயர் கழற்றுவான், டிரைவருக்குச் சோறு பொங்குவான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தொழிலை அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் படிப்பை விட்டுக்கொடுத்து அவன் வாங்குவது எது என்பதைச் சரியான பெயரில் சொல்ல வேண்டும். 

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நள்ளிரவில் டிரைவர் அசந்துபோனால் “தம்பி, கொஞ்ச தூரம் நீ பிடி” என்பார். உரிமம் இல்லாத பிள்ளை ஸ்டியரிங்கில் உட்காரும்போது விபத்து நடந்தால் என்ன ஆகும்? காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அந்த உரிமையாளர் மாமாவாக இருந்தால் ஒரே இரவில் இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வரும். உறவின் மேல் வைத்த நம்பிக்கை உறவையே உடைத்துவிடும்.

சாலையின் மறுபக்கம்

டிரைவர் தொழிலில் நல்ல மாற்றங்களும் வந்துள்ளன. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வரிச் சீட்டுக்காக ஜூஜூவாடியில் வரிசையில் நின்ற காலத்தை மூத்த டிரைவர்கள் இன்றும் சொல்வார்கள். ஃபாஸ்டேக் வந்து சுங்கச்சாவடிக் காத்திருப்பும் குறைந்தது. நேர்மையான முதலாளியிடம் வேலை செய்யும் திறமையான டிரைவர், பேட்டாவும் சம்பளமும் சேர்த்தால், ஆலையில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் இளைஞனைவிடக் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டு வருவதும் உண்டு.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயிர். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 64,105 விபத்துகள். உயிரிழப்பு 17,884.

இரண்டாவது, வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டு ஆனது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். அந்த ஒரு துணைப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. 5 ஆண்டு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. கூட்டம் அடிக்கும் என்று பயந்து வண்டியை விட்டு ஓடும் டிரைவர், நின்று உதவினால் உயிருக்கு ஆபத்து, ஓடினால் வழக்கில் சிக்கல் என்று மாட்டிக்கொள்கிறார். இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஏறும் சுமை இது.

மூன்றாவது, எல்லை. காவிரிப் பிரச்சினை சூடாகும்போதெல்லாம் முதல் அடி விழுவது தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளுக்குத்தான். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. ஓசூர் எல்லையில் வண்டிகள் வரிசையாக நின்றன. 2023 செப்டம்பர் கடைசியில் பெங்களூரு பந்த்தும் கர்நாடக பந்த்தும் அடுத்தடுத்து வந்தபோதும் போக்குவரத்து முடங்கியது. ஓடினால்தான் பேட்டா என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த நாள்களின் இழப்பை ஈடுசெய்ய யாரும் வருவதில்லை.

நான்காவது, முதுமை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, இடையில் ஓய்வு என்று எழுதிவைத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கு அது பொருந்தவில்லை. நம் பகுதியில் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தப் பழைய சட்டம் கரைந்துவிட்டது. சட்டம் எதுவாயினும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் வாய்ப்பேச்சில் ஓடும் வண்டிகள் இன்னும் ஏராளம். நாற்பத்தைந்து வயதில் இடுப்பு வலியும் சர்க்கரையும் வந்து, கண்பார்வை மங்கி, மருத்துவச் சான்று கிடைக்காமல் போனால் அடுத்த வேலை என்ன? அப்போதுதான் பாதியில் விட்ட டிகிரி ஞாபகம் வரும்.

டிகிரியால் என்ன பயன்?

மகனின் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். டிகிரி முடித்தவுடன் வேலை வீடு தேடி வராது. சிப்காட் வாசலில் பட்டதாரிகளும் ஒப்பந்த வேலைக்கு நிற்கிறார்கள். இதை மறைத்து “படித்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஆனால் சமுதாயமாக நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் பாருங்கள். 2006-ல் வெளிவந்த சச்சார் கமிட்டி அறிக்கை, 20 வயதைத் தாண்டிய முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அதன் பிறகு முன்னேற்றம் வந்தது. நாடு முழுவதும் உயர்கல்வியில் சேர்ந்த முஸ்லிம் மாணவர்கள் 2014-15-ல் 15.34 லட்சம், 2021-22-ல் 21.1 லட்சம். ஆனால் இடையில், கொரோனா காலமான 2020-21-ல், நம் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 8 சதவீதம் சரிந்தது. குடும்பத்தில் வருமானம் குறைந்தால் நம் வீடுகளில் முதலில் வெட்டப்படுவது கல்லூரிதான் என்பதற்கு அந்தச் சரிவு சாட்சி.

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருப்பதாக 2021-22 கணக்கு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4. பக்கத்து வீட்டுப் பிள்ளை டிகிரியோடு நிற்கும் மாநிலத்தில் டிகிரி இல்லாமல் நிற்பது, மற்ற மாநிலங்களில் நிற்பதைவிடப் பெரிய குறை. 2007-ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீட்டில் தக்னி முஸ்லிம், லெப்பை, ஷேக், சையத் எல்லோரும் வருகிறார்கள். பட்டம் தகுதியாக வைக்கப்பட்ட குரூப் 2 போன்ற தேர்வுகளில் அந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்த முதலில் பட்டம் வேண்டுமே!

இரண்டும் சேர்ந்தால்

படிப்பும் ஓட்டுநர் உரிமமும் எதிரிகள் என்று நாம் நினைப்பதுதான் பெரிய தவறு. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இந்தத் துறையின் நல்ல வேலைகள் இருக்கின்றன.

அரசின் மோட்டார் வாகன ஆய்வாளர் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ வேண்டும், பணிமனை அனுபவம் வேண்டும், கனரக வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். படித்தவரிடம் ஹெவி லைசென்ஸ் இருக்காது. ஹெவி லைசென்ஸ் உள்ளவரிடம் டிப்ளமோ இருக்காது. இரண்டும் உள்ளவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறார்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2025 மார்ச்சில் 3,274 ஓட்டுநர் உடன் நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டன. 24 வயது நிறைவு, 10-ம் வகுப்புத் தேர்ச்சி, ஹெவி லைசென்ஸ், 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம் ஆகியவை நிபந்தனைகள். முறையாக 20 வயதில் லைசென்ஸ் எடுத்து அனுபவச் சான்று வைத்திருப்பவருக்கே அந்த வாசல் திறக்கும். திருட்டுத்தனமாக ஓட்டிய ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் வராது.

தனியார் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் பின்னால் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் இருக்கின்றன. வண்டி ஒதுக்கீடு, இ-வே பில், ஜி.எஸ்.டி. கணக்கு, ஃபாஸ்டேக் கணக்கு, ஜி.பி.எஸ். கண்காணிப்பு, இன்சூரன்ஸ் கிளெய்ம் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். பி.காம். படித்த பிள்ளைக்கு இந்த வேலைகள் அந்நியமானவை அல்ல. அதோடு நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் கொடுத்த ஒரு சொத்து உண்டு. தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு என்று மூன்று நான்கு மொழிகளை அவர்கள் தெருவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். உருது தெரிந்தால் வடநாட்டு டிரைவரிடம் இந்தியில் பேசுவதும் சிரமமில்லை. பெங்களூரு கிடங்கிலும் ஓசூர் ஆலையிலும் ஒரே ஆள் பேசி வேலை முடிக்க முடியும் என்றால் அவனுக்கு மதிப்புத் தனி. அந்த மதிப்பு காகிதத்தில் எழுதப்பட வேண்டுமானால் கையில் சான்றிதழ் வேண்டும்.

வளைகுடாக் கனவு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 10-ம் வகுப்புத் தேர்ச்சி இருந்தாலே குடியேற்றச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கிறது. ஹவுஸ் டிரைவர் விசாவில் போகிறவர்கள் பல நாடுகளில் வீட்டு வேலையாளாகக் கருதப்படுகிறார்கள். நிறுவனத் தொழிலாளருக்கான சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு அப்படியே கிடைப்பதில்லை. படிப்புச் சான்றோடு நிறுவன விசாவில் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

சொந்த வண்டி என்ற தூண்டில்

“முதலில் டிரைவர், பிறகு ஓனர்” என்பது இந்தத் தொழிலின் அழகான கனவு. அப்படி உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வண்டி வாங்க நீட்டப்படும் கை பெரும்பாலும் ஃபைனான்ஸ் கம்பெனியின் கை. அது வட்டி. நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக விலக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் லோடு இல்லை, ஒரு டயர் வெடித்தது, எஃப்.சி. வந்தது, எல்லை மூடியது என்றால் தவணை தவறும். மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வரும். வண்டி போன பிறகும் மீதிக் கடன் நிற்கும். இருபது வயதில் படிப்பும் இல்லாமல் வட்டிக் கடனோடு நிற்பதைவிடப் பெரிய சோதனை வேறென்ன?

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இந்த முடிவு முன்னால் இருக்கும் வீடுகளுக்குச் சில யோசனைகள்.

ஒன்று, படிக்கும்போதே உரிமத்துக்கான கணக்கைத் தொடங்குங்கள். 18 நிறைந்ததும் முறையாகக் கார் லைசென்ஸ் எடுக்கட்டும். ஓராண்டு கழியட்டும். கடைசி ஆண்டு விடுமுறையில், 20 நிறைந்ததும், ஹெவி பயிற்சிக்குப் போகட்டும். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சி இருக்கிறது. கையில் டிகிரியும் ஹெவி லைசென்ஸும் ஒன்றாக வரும். அதன் பிறகு எந்தப் பக்கம் போவது என்பதை 21 வயதில் அவன் முடிவு செய்யட்டும்.

இரண்டு, விட நினைப்பது பணத்துக்காகவா, பாடம் பிடிக்காததாலா என்று பிரித்துக் கேளுங்கள். பாடம் பிடிக்கவில்லை என்றால் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பக்கம் மாறலாம். டீசல் மெக்கானிக் படித்த பிள்ளைக்கு ஓசூரில் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. பணம்தான் காரணம் என்றால், அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் அது. டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் பொருந்தும். கல்லூரியை விட்டால் அதுவும் நிற்கும்.

மூன்று, குடும்பச் சூழலால் விட்டே ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். அத்தா படுத்துவிட்டார், வேறு வழியில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். அவன் செய்வது தியாகம். ஆனால் கதவைப் பூட்டாதீர்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றுகளைக் கையில் வாங்கி வையுங்கள். இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பெயரைப் பதிந்து வையுங்கள். இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை எடுத்து முடிக்கலாம். வண்டியில் ஏறும் முன் சம்பளம், பேட்டா, விபத்துக் காப்பீடு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், மாமா வண்டியானாலும். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். உரிமம் வரும் வரை எந்தச் சூழலிலும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்குங்கள்.

நான்கு, ஜமாஅத்துகளுக்கு. ஜும்ஆவுக்கு வரும் இளைஞர்களில் யார் இந்த ஆண்டு கல்லூரியை விட்டார் என்ற கணக்கு எத்தனை பள்ளிவாசல்களில் இருக்கிறது? ஒரு பருவத்தின் கட்டணத்துக்காகப் படிப்பை விட நிற்கும் பிள்ளைக்குப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுப்பது, திருமண மண்டபத்துக்கு இன்னொரு தளம் கட்டுவதைவிட அவசரமான வேலை. மஹல்லாவில் இருக்கும் மூத்த டிரைவர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரே மேடையில் உட்காரவைத்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு பேசவைத்தால் போதும். பல வீடுகளின் குழப்பம் அங்கேயே தெளியும்.

தொழிலுக்குரிய மரியாதை

கடைசியாக ஒன்று. பெண் பார்க்கும்போது “மாப்பிள்ளை லாரி டிரைவரா” என்று முகம் சுளிப்பது நம்மிடையே இருக்கும் நோய். தாவூத் நபி (அலை) தம் கையால் உழைத்து உண்டதைப் போற்றும் மார்க்கம் நம்முடையது. நாம் சாப்பிடும் அரிசியும் போட்டுக்கொள்ளும் மாத்திரையும் யாரோ ஒருவர் கண்விழித்து ஓட்டி வந்தவை. பயணத்தில் இருப்பவருக்குத் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகையை அல்லாஹ் தந்திருக்கிறான். வழிப்போக்கருக்கு ஸகாத்தில் பங்கு வைத்திருக்கிறான். சாலையில் இருப்பவரை மார்க்கம் மறக்கவில்லை, நாம்தான் மறக்கிறோம்.

ஆகவே “டிரைவர் ஆகாதே” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். “பட்டத்தோடு டிரைவர் ஆகு, உரிமத்தோடு ஆகு, அவசரத்தில் ஆகாதே” என்று சொல்லுங்கள். ஒன்றரை ஆண்டு பொறுத்தால் இரண்டு சாவி கையில் இருக்கும். இன்றே விட்டால் ஒரு சாவியும் இல்லை. இஸ்திகாரா தொழுது, பெரியவர்களிடம் மஷூரா கேட்டு, கணக்கையும் எழுதிப் பார்த்து முடிவெடுக்கும் வீட்டுக்கு அல்லாஹ் வழிகாட்டுவான், இன்ஷா அல்லாஹ்.

நெடுஞ்சாலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல ரஹ்மான் பாதுகாத்து, பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.